மார்கழியில் பார்த்தோம், தையில் தொடங்கினோம்

கும்பகோணத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி எங்கள் ஊர். வீட்டின் முன்பாதி தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ், அதாவது மரக்கட்டை, செங்கல், சுண்ணாம்பால் போட்ட தளம். பின்பாதியில் சமையலறை, குளியலறை, ஒரு சின்ன அறை மூன்றும் 1987-இல் அப்பா போட்ட கான்கிரீட் தளம். மொத்தம் 1,150 சதுர அடி. அப்பா போன பிறகு அம்மா அங்கேதான் தனியாக இருக்கிறார். வயது 74. நாங்கள் இருக்கும் சிங்கப்பூருக்கு வந்தால் மூன்றாம் வாரமே ஊர் ஞாபகம் வந்துவிடும். அதனால் அம்மாவை இங்கே கொண்டுவருவதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, அவர் இருக்கும் வீட்டைச் சரிசெய்வது என்று முடிவெடுத்தோம்.

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போய் இப்படி வேலை செய்ய நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். முதல் பயணத்தில் ஒரு செங்கல்லைக்கூட எடுக்காதீர்கள். பார்க்க மட்டும் போங்கள். மூன்று வார விடுப்பில் போய், முதல் வாரமே சுவரை உடைத்து, மூன்றாம் வாரம் பாதி வேலையில் விமானம் ஏறிய உறவினர்களை எனக்குத் தெரியும். அதன் பிறகு வருகிற செலவெல்லாம் தொலைபேசியில் கேட்டு அனுப்புகிற செலவுதான். கணக்கே இருக்காது.

நாங்கள் போனது 2023 டிசம்பரில், பள்ளி விடுமுறையில். வேறு வழியில்லாமல் அமைந்த மாதம், ஆனால் வீடு பார்க்க அதைவிட நல்ல சமயம் இல்லை என்று போன பிறகுதான் புரிந்தது. ஐப்பசி, கார்த்திகை மழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும். எங்கே ஒழுகியது, எந்தச் சுவர் ஈரம் குடித்தது என்று வீடே காட்டிக் கொடுக்கும். சித்திரையில் போய்ப் பார்த்தால் எல்லாம் காய்ந்து நன்றாகத்தான் தெரியும். இன்னொன்று, எங்கள் பக்கம் மார்கழியில் யாரும் புது வேலை தொடங்குவதில்லை. மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், ஆசாரி எல்லோருக்கும் நேரம் இருக்கிறது. கூப்பிட்டால் வந்து, உட்கார்ந்து, காப்பி குடித்துப் பேசுகிறார்கள். தை பிறந்துவிட்டால் அவர்களைப் பிடிக்க முடியாது.

மேஸ்திரி அண்ணன் அப்பாவிடம் வேலை செய்தவர். வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சுத்தியலின் காம்பால் சமையலறைத் தளத்தை ஒரு முழத்துக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் கணீரென்று கேட்டது. சில இடங்களில் பொத்தென்று அடங்கிய சத்தம். அந்த இடங்களை எல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். கடைசியில் எண்ணினேன், 17 வட்டம்.

"பாப்பா, உள்ளே கம்பி துருப்பிடிச்சு கான்கிரீட்டைத் தள்ளுது. மேலே பூசிப் பெயின்ட் அடிச்சா அடுத்த ஐப்பசி வரைக்கும்தான்."

துரு ஏறிய கம்பி பருத்துவிடும், அந்த அழுத்தத்தில் கான்கிரீட் வெடித்து விழும். அம்மா அடுப்புக்கு முன்னால் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே நான்கு வட்டம் இருந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்று பேரிடம் கணக்குக் கேட்டோம். ஒருவர் சதுர அடிக்கு 1,100 ரூபாய் என்று ஒரே வரியில் முடித்தார், 12,65,000. இன்னொருவர் ஒரு தாளில் மொத்தமாக எட்டரை லட்சம் என்று எழுதிக் கொடுத்தார். அதில் எந்த வேலை உண்டு, எது இல்லை என்று கேட்டதற்கு "எல்லாம் சேர்த்துதான்" என்றார். புது வீட்டுக்குச் சதுர அடிக் கணக்கு ஓரளவு சரி. பழைய வீட்டுக்கு அது பொருந்தவே பொருந்தாது. ஒரு அறையில் ஒரு சல்லிக்காசு செலவில்லாமல் இருக்கும், பக்கத்து அறையில் எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டியிருக்கும்.

மூன்றாவதாக ஒரு சிவில் இன்ஜினியர். இரண்டு நாள் வந்து டேப் பிடித்து அளந்து, வீட்டின் வரைபடம் போட்டு, ஒவ்வொரு வேலைக்கும் அளவு எழுதி, அளவுக்கு எதிரே விலை எழுதிக் கொடுத்தார். அதற்கு 12,000 ரூபாய் வாங்கினார். பிறகு வேலை நடக்கும்போது எட்டு முறை வந்து பார்க்க, ஒரு முறைக்கு 1,500. இந்த 24,000 ரூபாய் எங்களுக்கு எத்தனை லட்சத்தை மிச்சப்படுத்தியது என்று சொல்லி முடியாது. உறவினர்கள் சிலர் "மேஸ்திரிக்குத் தெரியாததா இன்ஜினியருக்குத் தெரியப்போகுது" என்றார்கள். மேஸ்திரிக்கு வேலை தெரியும். ஆனால் எவ்வளவு வேலை என்று தாளில் எழுத ஒருவர் வேண்டும். அது இல்லாமல் கடல் தாண்டி உட்கார்ந்து கொண்டு பணம் அனுப்ப முடியாது.

அவர் போட்ட கணக்கு: தளம், மாடி, கூரை சம்பந்தப்பட்டது 2,40,000. குளியலறை, குழாய், செப்டிக் டேங்க் 2,65,000. வயரிங் 1,45,000. சமையலறை 1,60,000. தரை, பூச்சு 1,30,000. மர வேலை 70,000. பெயின்ட் 1,10,000. ஆக 11,20,000. அதோடு 15 சதவீதம், 1,68,000 ரூபாய், தனியாக எடுத்து வைக்கச் சொன்னார். "இது செலவாகாதுன்னு நினைச்சு வைக்காதீங்க, செலவாகும்னு நினைச்சே வைங்க" என்றார். அப்போது ஒரு சிங்கப்பூர் வெள்ளி 62 ரூபாய் சொச்சம். கிட்டத்தட்ட 20,800 வெள்ளி. நாங்கள் கையில் வைத்திருந்தது 18,000. அதனால் அந்த மார்கழியிலேயே உட்கார்ந்து வரிசை போட்டோம். கண்ணுக்குத் தெரியாத வேலை முதலில்: தளம், தண்ணீர், மின்சாரம். பெயின்டும் சமையலறை அலமாரியும் கடைசி. பணம் தீர்ந்தால் பெயின்ட் நிற்கட்டும், அம்மா தலைக்கு மேல் தளம் நிற்க வேண்டும்.

முன்பாதி மாடியைப் பற்றித்தான் பெரிய வாக்குவாதம். எட்டரை லட்சக்காரர் அதை இடித்துவிட்டுக் கான்கிரீட் போடலாம் என்றார். தேக்குக் கட்டைகள் வரிசையாக, அதன் மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக மூலைவாட்டத்தில் சுண்ணாம்பில் அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கிய தளம் அது. கோடையில் அந்தக் கூடத்தில் மின்விசிறி போதும். இன்ஜினியர் ஒவ்வொரு கட்டையும் சுவருக்குள் நுழையும் இடத்தில் திருப்புளியால் குத்திப் பார்த்தார். கரையான் முதலில் தின்பது அந்த முனையைத்தானாம். எங்கும் இறங்கவில்லை. மேலே பதித்த தட்டை ஓடு பெயர்ந்த இடங்களில்தான் தண்ணீர் நின்று இறங்கியிருந்தது. அதை மட்டும் எடுத்து, சுண்ணாம்பிலேயே திரும்பப் போடச் சொன்னார். சுண்ணாம்பின் மேல் சிமென்ட் பூசினால் இரண்டும் ஒட்டாது, வெடித்து அதற்குள் நீர் தங்கும்.

சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் எங்கள் பக்கம் இப்போது மிகக் குறைவு. மேஸ்திரி அண்ணனின் மாமனார் தெரிந்தவர். கடுக்காயை இடித்து ஊறவைத்து, வெல்லம் கரைத்து, அந்தத் தண்ணீரை விட்டுக் குழைத்தார். வீடு முழுக்க புளித்த வாசனை. அம்மா சொன்னார், தாத்தா மாடி போட்டபோதும் இதே வாசனை என்று. கூடத்தின் சிவப்பு ரெட் ஆக்ஸைடு தரையையும் நாங்கள் தொடவில்லை. டைல்ஸ் போட எல்லோரும் சொன்னார்கள். நாற்பது வருஷம் துடைத்துத் துடைத்து முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் தரை அது.

தை கடைசி வாரத்தில் வேலை தொடங்கியது. நான் சிங்கப்பூரில். சித்தப்பா மகன் தம்பிதான் தினமும் சாயங்காலம் போய்ப் பார்த்தான். அவன் செய்த ஒரு காரியத்தை எல்லோரும் செய்ய வேண்டும். சுவரைக் குடைந்து தண்ணீர்க் குழாயும் வயர் போகும் பைப்பும் வைத்து, பூசி மூடுவதற்கு முன்னால், ஒவ்வொரு சுவரிலும் டேப்பை விரித்துப் பிடித்துப் படம் எடுத்தான். எந்தக் குழாய் தரையிலிருந்து எத்தனை அடியில் போகிறது என்று இன்று எங்களிடம் 140 படம் இருக்கிறது. நாளைக்கு ஆணி அடிக்க அது போதும். தண்ணீர்க் குழாய்களையும் முனை அடைத்து, ஒரு ராத்திரி முழுக்க அழுத்தத்தில் வைத்துப் பார்த்த பிறகே மூடினார்கள். பழைய இரும்புக் குழாய் ஒன்றை அறுத்தபோது உள்ளே துரு அடைத்து, பென்சில் நுழையும் அளவுக்குத்தான் துவாரம் இருந்தது. மோட்டாரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம் இத்தனை வருஷமாக. பழைய வயரின் உறை எலக்ட்ரீஷியன் விரலில் பொடியாக உதிர்ந்தது. அதைப் பார்த்ததும் வயரிங்கில் ஒரு ரூபாய்கூடக் குறைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, புது எர்த் குழி எல்லாம் போட்டோம்.

பணம் அனுப்பிய விதத்தைச் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் எண்ணிலிருந்தே, வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் ஊர் வங்கியில் வைத்துக்கொள்ளும் என்ஆர்ஓ கணக்கைக் கொண்டு, யுபிஐ வழியாக மேஸ்திரிக்கும் கடைக்கும் நேராக அனுப்ப முடிகிறது. 2023-இல் சிங்கப்பூர் உட்படச் சில நாடுகளின் எண்களுக்கு அனுமதி வந்ததால் இந்த வசதி. ஆனால் வங்கிக் கிளையில் கேஒய்சி என்கிற அடையாள விவரங்களைப் புதுப்பிக்க நான் மூன்று நாள் நடக்க வேண்டியிருந்தது. பாஸ்போர்ட், வெளிநாட்டு விலாசத்துக்குச் சான்று, வேலை அனுமதி அட்டை, பான் அட்டை எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொண்டு முதல் நாளே போய்விடுங்கள்.

இன்னொரு விஷயம் நாங்கள் எதிர்பாராதது. மார்ச் 16-ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்தார்கள். தேர்தல் முடியும் வரை 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமில்லாமல் ரொக்கம் கொண்டுபோனால் தேர்தல் பறக்கும் படை பிடித்து வைக்கும். டைல்ஸ் கடைக்குத் தம்பி 80,000 எடுத்துப் போக இருந்தான், நிறுத்தி நேராகக் கணக்கில் போட்டோம். ஏப்ரல் 19 வாக்குப்பதிவை ஒட்டி ஒரு வாரம் ஆளே இல்லை. அப்புறம் எல்லாக் கடையிலும் பில் கேளுங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். நாளைக்கு வீட்டை விற்க நேர்ந்தால் வரிக் கணக்கில் மேம்பாட்டுச் செலவைக் காட்ட அந்தத் தாள்தான் வேண்டும். சிமென்டுக்கு அப்போது 28 சதவீத ஜிஎஸ்டி கொடுத்தோம். 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீதம், இப்போது தொடங்குகிறவர்களுக்கு அந்த அளவில் நிம்மதி.

எங்கள் கணக்கு எங்கே இடித்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். சமையலறைத் தளத்தில் 60 சதுர அடி என்று போட்டிருந்தோம். உடைத்துப் பார்த்தால் இரண்டு வட்டத்துக்கு நடுவே இருந்ததும் சேர்ந்து வந்தது, 135 சதுர அடி ஆனது. கூடுதல் 74,000. பின்பக்க வாசல் நிலையைக் கரையான் உள்ளேயே தின்றிருந்தது, புது நிலைக்கும் கதவுக்கும் 31,000, தரையோரம் துளை போட்டுக் கரையான் மருந்து செலுத்த 18,000. இடித்த குப்பையை யார் எடுப்பது என்று மூன்று கணக்கிலுமே இல்லை. பத்து டிராக்டர் லோடு, 14,000. அம்மா மூன்று மாதம் அடுத்த தெருவில் வாடகைக்கு இருந்தது 18,000, அதையும் யாரும் எழுதவில்லை. சமையலறை அலமாரியில் நானே ஆசைப்பட்டுக் கூட்டியது 42,000. மொத்தம் 13,17,000. வைத்திருந்த 15 சதவீதத்துக்கும் மேலே 29,000 போயிற்று. பெயின்டின் வெளிப்பூச்சு ஒரு வருஷம் தள்ளிப்போனதால்தான் அந்த மாதங்களில் கையைக் கடிக்காமல் சமாளித்தோம்.

மே கடைசியில் மறுபடி போனபோது நான் முதலில் பார்த்தது குளியலறையை. முன்பு கொல்லையில் ஒன்பது அங்குலப் படி இறங்கிப் போக வேண்டும். இப்போது அம்மாவின் அறையிலிருந்தே வாசல். படியே இல்லை, லேசான சரிவு மட்டும். மூன்று அடிக் கதவு, வெளிப்பக்கம் திறப்பது. உள்ளே யாராவது விழுந்தால் கதவைத் தள்ளித் திறக்க முடியாமல் போகக் கூடாது என்று இன்ஜினியர் சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுவரில் பிடிமானக் கம்பி. விளக்கு சுவிட்ச் கட்டில் கைக்கெட்டும் இடத்தில். கொல்லையிலிருந்த துவைக்கும் கல்லை மட்டும் எடுக்கக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொன்னார், அது அங்கேயே இருக்கிறது.

ஆனி மாதத்துக்குள் பெயின்டின் வெளிப்பூச்சு தவிர எல்லாம் முடிந்தது. மேஸ்திரி அண்ணனிடம் தொடக்கத்திலேயே பேசி, கடைசி 50,000 ரூபாயை மழை முடிந்த பிறகு தருவதாக எழுதி வைத்திருந்தோம். அவர் வருத்தப்படவில்லை. "தளம் நனைஞ்சு காஞ்ச பிறகு வாங்குறதுதான் எனக்கும் மரியாதை" என்றார்.

2024 நவம்பர் கடைசியில் டெல்டா முழுக்கக் கொட்டித் தீர்த்தது. 27-ஆம் தேதி ராத்திரி அம்மா வீடியோவில் கூப்பிட்டு, ஒவ்வொரு அறையாகக் கைப்பேசியைத் தூக்கிக் காட்டிக்கொண்டே நடந்தார். கூடம் காய்ந்திருந்தது. சமையலறை காய்ந்திருந்தது. மாடியிலிருந்து தண்ணீர் இறங்கும் குழாய் ஓரத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். மழை விட்ட மறுநாள் மேஸ்திரி அண்ணன் சைக்கிளில் வந்து, குழாய் வாயைச் சுற்றிக் கொத்தி, அடைத்துவிட்டுப் போனார். அடுத்த மழை டிசம்பர் நடுவில். அது கழிந்து இரண்டு நாள் பொறுத்து, அம்மா சுவரைத் தொட்டுப் பார்த்து "காஞ்சிருக்குடி" என்று சொன்ன பிறகு, அவருக்கு 50,000 அனுப்பினேன்.