சிஸ்கோ 2911 வாய்ஸ் கேட்வே: ஈ1 கார்டோடு ஏழு வருடம்

ஈரோட்டில் ஒரு மருத்துவமனைக்கு ஃபோன் வேலை முழுக்க நான்தான் பார்க்கிறேன். டோக்கன் கேட்டு ஊர் ஊராகக் கூப்பிடுவார்கள். அத்தனை அழைப்பும் வந்து விழுவது ஒரே பிஆர்ஐ லைனில், அதாவது பல அழைப்புகள் ஒன்றாக வரும் டிஜிட்டல் ஃபோன் லைனில். அதைப் பிடித்து உள்ளே அனுப்புவது ரேக்கில் இருக்கும் சிஸ்கோ 2911 ரூட்டர், லைனைப் பிடிக்க அதில் செருகிய ஒரு விவிக்3 கார்டு.

இந்தக் கார்டு டி1, ஈ1 என்ற இரண்டு வகை டிஜிட்டல் லைனுக்கும் பொது. நம் ஊர் லைன் ஈ1 என்று நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். 'கார்டு டைப் ஈ1 0 0' கொடுக்கும்வரை லைனைக் கவனிக்கும் கன்ட்ரோலர் கண்ணிலேயே படாது. கார்டு செத்துவிட்டது என்று நினைத்துக் கழற்றிவிடாதீர்கள். தப்பாக டி1 கொடுத்துவிட்டால் மாற்றுவதற்கு ரீலோட் வேண்டும், அதனால் ஓபி நேரத்தில் கை வைக்காதீர்கள்.

அப்புறம் சுவிட்ச் டைப் (எக்ஸ்சேஞ்ச் பேசும் முறை) ப்ரைமரி-நெட்5, 'பிஆர்ஐ-குரூப் டைம்ஸ்லாட்ஸ் 1-31'. சிக்னலிங், அதாவது அழைப்பைத் தொடங்கி முடிக்கும் தகவல், போவது 16-வது ஸ்லாட்டில், ஆனால் போர்ட்டின் பெயர் 0/0/0:15. சிஸ்கோ அங்கே பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுகிறது. புதிதாக வரும் பையன்கள் எல்லோரும் தடுமாறும் இடம் இது.

நான் தடுமாறியது வேறு இடத்தில். 'ஷோ ஐஎஸ்டிஎன் ஸ்டேட்டஸ்' எல்லாம் சரி என்றது, அழைப்பும் போனது. ஆனால் பேச்சுக்கு நடுவே டிக், டிக் என்று ஒரு சத்தம். லேப் ரிப்போர்ட் ஃபேக்ஸ் பாதிப் பக்கத்தில் நின்றுவிடும். கேபிளை மாற்றினேன், லைன் கொடுத்தவர்களிடம் புகார் கொடுத்தேன், இரண்டு நாள் போனது. கடைசியில் 'ஷோ கன்ட்ரோலர்ஸ் ஈ1' அடித்தால், ஸ்லிப் செகண்ட்ஸ் (கடிகாரம் பொருந்தாமல் நழுவிய நொடிகள்) கண் முன்னாலேயே ஏறுகிறது!

லைன் 2.048 மெகாபிட் வேகத்தில் தன் கடிகாரத்தோடு வருகிறது. குரலைக் கையாளும் டிஎஸ்பி சிப், ரூட்டரின் சொந்தக் கடிகாரத்தில் ஓடுகிறது. இரண்டும் துளி விலகினாலும் அவ்வப்போது ஒரு ஃப்ரேம் (தகவலின் ஒரு துண்டு) விழும், இல்லை இரண்டு முறை வரும். காது அதைப் பொறுத்துக்கொள்ளும், ஃபேக்ஸ் பொறுக்காது. நான் விட்டது ஒரே வரி: 'நெட்வொர்க்-கிளாக்-பார்ட்டிசிபேட் விக் 0'. அதைக் கொடுத்து, 'நெட்வொர்க்-கிளாக்-செலக்ட் 1 ஈ1 0/0/0' என்றும் சேர்த்தேன், ரூட்டரும் லைனின் கடிகாரத்திலேயே ஓடத் தொடங்கியது. அடுத்த 15 நிமிடக் கணக்கில் ஸ்லிப் பூஜ்ஜியம். ரிசப்ஷன் அக்கா, "இப்போ பக்கத்துல உட்கார்ந்து பேசுற மாதிரி இருக்கு தம்பி" என்றார்கள். எனக்கு இந்தப் பெட்டி பிடித்துப்போனதே அதனால்தான். வலி எங்கே என்று கேட்டால் மறைக்காமல் எண்ணாகச் சொல்லும்.

சாதாரண ஃபோன் லைனைச் செருகும் எஃப்எக்ஸ்ஓ கார்டில் ஒரே விஷயம்: 'சிபிடோன் ஐஎன்' மறக்காதீர்கள். மறந்தால் ரிங் டோன், பிஸி டோன் எதுவும் நம் ஊர்ச் சத்தமாக இருக்காது.

இதன் விற்பனை 2017 டிசம்பரில் நின்றது, சப்போர்ட் 2022-ன் கடைசி நாளோடு முடிந்தது. இனிப் பாதுகாப்பு அப்டேட் வராது. அதனால் இன்டர்நெட் பக்கம் நேராகக் காட்டக் கூடாது. எஸ்ஐபி ட்ரங்குக்கு (டேட்டா நெட்வொர்க் வழியே வரும் ஃபோன் லைன்) மாறப் போகிறவர்கள் இதில் காசு போட வேண்டாம். பிஆர்ஐ இன்னும் கையில் இருந்தால் செகண்ட்ஹேண்டில் தாராளமாக வாங்கலாம். வாங்கும் முன் மூடியைத் திறந்து டிஎஸ்பி உள்ள பிவிடிஎம்3 இருக்கிறதா பாருங்கள், 'ஷோ லைசென்ஸ்' அடித்து குரல் வசதிக்கான யூசிகே9 லைசென்ஸ் இருக்கிறதா பாருங்கள். இந்த இரண்டும் இல்லாமல் கார்டு மட்டும் வந்தால் ஒரு அழைப்புகூடப் போகாது.