பொங்கல் பானையும் சொட்டுநீர் டைமரும்: மூன்று பயணங்களின் அனுபவம்

பினாங்கின் குளுகோரில் எங்கள் வரிசை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நிலம் மொத்தமே இருபதடி நீளம்தான். அதில் நான்கு கத்தரி, பன்னிரண்டு வெண்டை, ஒரு பயற்றங்காய்ப் பந்தல். சுவரோரம் பைகளில் ஒன்பது மிளகாய்ச் செடிகள். ஒவ்வோர் ஆண்டும் பொங்கலுக்குத் திருச்சியில் நாத்தனார் வீட்டுக்குப் போவோம். திரும்பி வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். பினாங்கில் மழை குறைந்து வெயில் ஏறும் காலமும் அதுதான். காய்த்துக் குலுங்கும் செடிகளை ஆளில்லாத வீட்டில் விட்டுப் போவது எனக்கு ஒவ்வொரு முறையும் மனப்பாரம்.

2023-இல் குழாயில் மாட்டும் டைமரும் சொட்டுநீர்க் குழாய்களும் 60 ரிங்கிட்டுக்கு வாங்கி, புறப்படும் நாளுக்கு முந்தைய இரவு மாட்டினேன். ரப்பர் வளையம் சரியாகப் பொருந்தாமல் தண்ணீர் குழாயடியிலேயே கசிந்து போயிருக்கிறது; கடைசியில் நின்ற வெண்டைகளுக்கு எட்டவே இல்லை. ஐந்து செடிகள் காய்ந்து குச்சியாக நின்றன. அதிலிருந்து ஒரு வாரம் முன்பே ஓட்டிப் பார்த்துவிடுகிறேன். புது பேட்டரி போட்டு, மூன்று நாள் கையால் ஒரு சொட்டும் ஊற்றாமல், ஒவ்வொரு முனைக்கும் அடியில் லிட்டர் குவளையை வைத்து அளப்பேன். மணிக்கு 4 லிட்டர் என்று விற்கும் முனை கால் மணி நேரத்தில் 1 லிட்டர் தந்தாக வேண்டும். குறைவாகத் தரும் முனையைக் கழற்றி ஊசியால் குத்தினால் பச்சைப் பாசி திரண்டு வரும்.

2024 ஜனவரி 10 முதல் 14 வரை பினாங்கின் பல பகுதிகளில் தண்ணீர் தடைப்படும் என்று முன்னதாகவே அறிவித்திருந்தார்கள். குழாயே வறண்டு கிடக்கும்போது டைமர் திறந்தால் என்ன, மூடினால் என்ன? அந்தக் கவலையோடு லெபோ பாசார் கடைத்தெருவுக்குச் சாமான் வாங்கப் போனபோது, கடை வாசலில் பொங்கல் பானைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வர்ணம் பூசாததாக ஆறு வேண்டும் என்றேன். “வர்ணம் பூசியதுதானே அழகு, அம்மா?” என்றார் கடைக்காரத் தம்பி. மண்ணில் புதைக்கப் போகிறேன் என்றதும் உள்ளே போய்த் தேடி எடுத்துத் தந்தார். ஒன்று 8 ரிங்கிட்.

இரண்டு செடிகளுக்கு நடுவே கழுத்துவரை புதைத்து, சொட்டுநீர்க் குழாயின் முனையைப் பானைக்குள் விட்டேன். தினமும் டைமர் பானையை நிரப்பும். பானை தன் சுவர் வழியே மண்ணுக்குக் கொடுக்கும். மண் காய்ந்திருந்தால் வேகமாக, ஈரமாக இருந்தால் மெதுவாக. எங்கள் பானை கொள்வது மூன்று லிட்டர்; குழாய் நின்றாலும் நான்கு நாள் தாங்கியது. முந்தைய ஆண்டு பால் பொங்கிய பழைய பானையையும் சேர்த்துப் புதைத்துப் பார்த்தேன். அது கசியவே இல்லை. பாலின் கொழுப்பு பானைச் சுவரின் நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. ஆகவே புதுப் பானைதான் வேண்டும். வாங்கியதும் தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் நிழலில் வையுங்கள். வெளிச்சுவர் கருத்து, உள்ளங்கையை வைத்தால் சில்லென்று ஈரம் ஒட்ட வேண்டும்.

தைப்பூசத் தேர் புறப்படும் முன் திரும்பிவிட்டோம். கத்தரியில் ஓர் இலைகூட வாடவில்லை. பானை இல்லாத மிளகாய்ப் பைகளில் மூன்று இலையுதிர்ந்து நின்றன, ஒன்று போய்விட்டது. தண்ணீர் திரும்ப வந்தபோது அடித்து வந்த செம்மண் போன்ற கசடு டைமரின் வலையை அடைத்திருந்தது.

பானையின் வாயை மூடாமல் போகவே கூடாது. நம் வெயிலில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை எட்ட ஏழு முதல் பத்து நாள் போதும். பூட்டிய வீட்டில் திறந்து கிடக்கும் தண்ணீர் அக்கம்பக்கத்தாருக்கே டிங்கியைக் கொண்டுபோகும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975-ஆம் ஆண்டின் சட்டப்படி அபராதமும் உண்டு. நான் மண்மூடியில் குழாய் நுழையும் துளையைத் துணியால் இறுக அடைக்கிறேன். பைகளுக்கு அடியில் இருக்கும் தட்டுகளையெல்லாம் எடுத்துக் கவிழ்த்துவிடுகிறேன்.

மற்றபடி, புறப்படும் இரண்டு வாரத்துக்கு முன்பே உரம் நிறுத்திவிடுவேன். உரம் கண்ட செடி தளதளவென்று இலை விட்டு அதிகத் தண்ணீர் கேட்கும். களை பிடுங்கி, வேரடியில் மூன்று விரல் உயரத்துக்குக் காய்ந்த புல்லும் தேங்காய் நாரும் பரப்புவேன், தண்டைத் தொடாமல். மிளகாய்ப் பைகளை நெருக்கி நிழலுக்கு நகர்த்துவேன். கடைசி நாள் பிஞ்சு வெண்டையைக்கூட விடாமல் பறித்துவிடுவேன். முற்றிய காய் செடியிலேயே நின்றால் அடுத்த பூ குறைந்துவிடும்.

அதற்குப் பிறகும் வெண்டை காய்க்கும் அல்லவா? பக்கத்து வீட்டு மாக்சிக்கிடம் (மலாயில் ‘அத்தை’) பின்வாசல் சாவியைக் கொடுத்து, இரண்டு நாளுக்கொரு முறை பறித்து அவரே வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். எழுபது வயதில் அவரைத் தண்ணீர்க் குழாயை இழுக்க வைக்க எனக்கு மனம் வராது. 2025-இல் அவர் பறித்த பயற்றங்காய்ப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது, திருச்சியில் அதை எல்லோருக்கும் காட்டினேன்.

இப்போது டைமரின் பேட்டரி மூடி துருவேறி, திரை மங்கிவிட்டது. அடுத்த பயணத்துக்குப் புதிது வாங்க வேண்டும். ஆறு பானைகளில் ஒன்று மண்வெட்டி பட்டு உடைந்தது. மற்ற ஐந்தையும் ஆண்டுக்கொரு முறை தோண்டி எடுத்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுகிறேன். இன்னும் நன்றாகக் கசிகின்றன. இந்த முறை மிளகாய்ப் பைகளுக்கும் சின்னப் பானைகள் கேட்டுச் சொல்லி வைத்திருக்கிறேன். கடைக்காரத் தம்பி இப்போதெல்லாம் வர்ணம் பூசாததைத் தனியே எடுத்து வைக்கிறார்.