தோல் தங்கம், பட்டை சவம்: என் 12 அவுன்ஸ் கிளவுஸ்

தென்காசியில் இருக்கும் சிநேகிதன் கேட்டான்: "நீ வச்சிருக்கிற அதே பாக்ஸிங் கிளவுஸ் இப்ப விலை குறைஞ்சிருக்கு, வாங்கட்டுமா?" போனில் ஒரு வார்த்தையில் சொல்லி முடிகிற பதில் இல்லை, அதனால் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். 12 அவுன்ஸ், மாட்டுத்தோல், வெல்க்ரோ பட்டை என்ற அளவில் தெரிந்தால் போதும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் விட்டுப்போகும். உள்ளே இருக்கும் ஃபோம் அருமை. எங்கள் பயிற்சிக்கூடத்துப் பை துணிக்கழிவு அடைத்தது. நாளாக ஆக துணி கீழே இறங்கி, அடிப்பக்கம் இறுகிவிட்டது. அதில் குத்தியும் விரல் முட்டிகளில் ஒரு நாள்கூட வலி வந்ததில்லை. தோலும் அப்படித்தான். கூடவே ரெக்சின் கிளவுஸ் வாங்கிய பையன்களுக்கு, பைக் பெட்டியின் வெக்கையில் கிடந்தே கட்டைவிரல் ஓரம் வெடித்து உரிந்துவிட்டது. என்னுடையதில் ஒரு கீறல் இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் உள்ளே ஈரம் போகாமல் நாறும். பேப்பரைச் சுருட்டித் திணித்து ஃபேனுக்கு அடியில் வைத்தால் சரியாகும். வெயிலில் மட்டும் காயப்போடக் கூடாது, தோல் விறைத்துவிடும்.

இனி அந்தப் பட்டை.

வெல்க்ரோவில் ஒரு பக்கம் முள், இன்னொரு பக்கம் பஞ்சு. கையில் சுற்றுகிற ஹேண்ட் ரேப் பருத்தி, அதுவும் 180 அங்குலம், நாலரை மீட்டர். அதிலிருந்து உதிரும் நூல் முழுவதும் போய் முள்ளில் அடைந்துகொள்கிறது. ஊசியால் நோண்டி எடுக்கலாம், எடுத்தேன். ஆனால் பஞ்சுப் பக்கம் தேய்ந்துவிட்டால் எந்த ஊசியும் உதவாது. மூன்று குத்து விட்டால் பட்டையின் நுனி மேலே எழும்பும். ஒரு கையில் கிளவுஸ் மாட்டியாயிற்று, மற்றதை எதைக் கொண்டு ஒட்டுவது? பல்லால்தான். ஒரு ரவுண்டு முழுக்க இந்தச் சோலிதான். ஸ்பேரிங்கில், அதாவது எதிரில் ஆள் நிற்க மோதிப் பழகும்போது, இன்னும் மோசம்: தூக்கிய முள் நுனி எதிரில் நிற்பவர் கழுத்தில் உரசிச் சிவந்து, நான் மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்று. கயிறு கட்டுகிற கிளவுஸில் இந்தத் தொல்லை இல்லைதான், ஆனால் கட்டிவிட இன்னொருவர் வேண்டும். விடியற்காலையில் தனியாக வந்து பயிற்சி செய்பவன் யாரைக் கூப்பிடுவான்?

நிறுவனத்துக்கு எழுதினேன். தேய்மானம் வாரண்டியில் வராதாம். இத்தனை நல்ல தோலை எடுத்துத் தைத்துவிட்டு, மணிக்கட்டைப் பிடிக்கிற இடத்தில் கஞ்சத்தனம் செய்வதற்கு என்ன பெயர்?

பட்டையை மாற்றித் தைக்க ஜங்ஷனில் பேக் தைக்கும் கடையில் கொடுத்தேன். மணிக்கட்டுப் பகுதிக்குள் மெஷின் நுழையவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசியில் பாளையங்கோட்டையில் செருப்புத் தைக்கும் அண்ணாச்சிதான் குத்தூசியால் கையிலேயே தைத்துக் கொடுத்தார். "தோலு இன்னும் பல வருசம் கிடக்கும் தம்பி. இந்த ஒட்டுற பட்டைதான் சவம்" என்றார். 80 ரூபாய். அன்றிலிருந்து ஒரு தடவைகூடப் பிரியவில்லை. அதனால் கோபம் இன்னும் கூடிவிட்டது.

சிநேகிதன் கேட்காமல் விட்டதையும் சொல்லிவிடுகிறேன். 12 அவுன்ஸ் என்பது ஒரு கிளவுஸின் எடை, ஜோடிக்கு அல்ல. ஏறக்குறைய 340 கிராம். அறுபது, அறுபத்தைந்து கிலோ ஆளுக்குப் பையில் குத்த இது போதும். ஸ்பேரிங்குக்கு 16 அவுன்ஸ் தனியாக வேண்டும். பையில் குத்திக் குத்தி நசுங்கிப்போன ஃபோமோடு ஒருவர் முகத்தில் அடிப்பது நியாயமில்லை. கடையில் போட்டுப் பார்க்கும்போது ஹேண்ட் ரேப் சுற்றிக்கொண்டே பார்க்க வேண்டும். முஷ்டி முழுதாக மூடவில்லை என்றால் வைத்துவிட்டு வந்துவிடு. உன் மகன் போகிற கராத்தே வகுப்புக்கு இது எதுவும் ஆகாது, அங்கே சிவப்பு, நீல நிறத்தில் மெல்லிய கையுறை (மிட்) கேட்பார்கள். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. சண்டைக்கான, விரல் திறந்த கிளவுஸ் 4 அவுன்ஸ்தான், பார்க்க ஜோராக இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு கனமான பையில் குத்தினால் சுண்டுவிரல் எலும்புதான் பதில் சொல்லும்.

ஆகவே, வாங்காதே. விலை குறைந்திருப்பது பட்டை நல்லதாகிவிட்டதால் அல்ல. இரட்டைப் பட்டை வைத்தது, அகலமாக மணிக்கட்டைச் சுற்றி வருவது எத்தனையோ கிடைக்கிறது.

நான் மட்டும் ஸ்பேரிங்குக்கு இதே நிறுவனத்தின் 16 அவுன்ஸ் ஆர்டர் போட்டிருக்கிறேன். வேறு எதைப் போட்டாலும் முட்டி ஒப்பமாட்டேன் என்கிறது. பெட்டி வந்ததும் நேரே அண்ணாச்சியிடம் கொண்டுபோய், போடுவதற்கு முன்பே பட்டையை மாற்றித் தரச் சொல்லப்போகிறேன்.