கோப்பையில் சோறா, கையில் காசா?

கணக்கை முதலில் போட்டுவிடுவோம். 2024இல் இலங்கையின் பாடசாலை உணவுத் திட்டத்தில் ஒரு பிள்ளையின் ஒரு நேரச் சாப்பாட்டுக்கு அரசு வைத்த விலை 110 ரூபா. மாதத்துக்கு இருபது பாடசாலை நாள் என்றால் 2,200 ரூபா. 2023 ஜூலையில், ஏழைக் குடும்பங்களுக்கு அரசு மாதம்தோறும் காசு கொடுக்கும் அஸ்வெசும திட்டம் தொடங்கியபோது, மிகக் குறைந்த தொகைப் பிரிவில் இருந்த ஒரு முழுக் குடும்பத்துக்கு வந்தது மாதம் 2,500 ரூபா. ஒரு பிள்ளையின் இடைவேளைச் சோறும் ஒரு வீட்டின் மாத உதவியும் கிட்டத்தட்ட ஒரே எடை. ஆரம்பப் பிரிவில் இரண்டு பிள்ளைகள் படித்தால் தராசு சோற்றுப் பக்கம் தாழ்ந்துவிடும்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். திட்டத்தைப் பெற்றோர் மதிக்க வேண்டும் என்ற எண்ணம்தான். பின்வரிசையிலிருந்து ஒரு தகப்பன் எழுந்தார். "அப்படியென்றால் இரண்டு பிள்ளைக்குமான நாலாயிரத்து நானூறையும் எங்கள் கையிலேயே தாருங்கள் ஐயா. என்ன சமைப்பது என்று என் மனைவிக்குத் தெரியும்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்டதில் பிழை எதுவும் இல்லை.

காசின் நியாயம்

ஏழைக்குக் காசு கொடுத்தால் குடித்துத் தீர்ப்பான் என்று சொல்லுபவர்களை எனக்குப் பிடிக்காது. அவர்களுடைய சம்பளம் எங்கே போகிறது என்று எவரும் கேட்பதில்லை. வடக்கில் எங்கள் வன்னியில் இந்தப் பேச்சு இன்னும் அபத்தம். போருக்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் குடும்பப் பொறுப்பு முழுவதும் பெண்ணின் தலையில்தான். காசு அவள் கையில் விழுந்தால் அரிசியாகவும் பஸ் காசாகவும் மாமியாரின் மருந்தாகவும் மாறும்.

சோற்றால் முடியாத பலவற்றைக் காசு செய்யும். பாடசாலை விடுமுறையிலும் காசு வரும், சோறு வராது. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது, படுக்கையில் கிழவி இருக்கிறார். அவர்களுக்குப் பாடசாலைக் கோப்பை இல்லை. கூரை ஒழுகினால் பருப்புக் கறியால் அடைக்க முடியாது. அஸ்வெசுமவில் 2025 ஜனவரியிலிருந்து ஏழைப் பிரிவுக்கு 8,500 ரூபா 10,000 ஆகவும், மிக ஏழைப் பிரிவுக்கு 15,000 ரூபா 17,500 ஆகவும் உயர்ந்தன. காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் இடையில், வயலில் கூலி வேலை கிடைக்காத மாதங்களில், இந்தத் தொகையை நம்பித்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது.

அந்தத் தகப்பனின் வாதத்தை இங்கேயே நிறுத்தினால் அவருக்குத்தான் வெற்றி. ஆனால் காசு அவர் வீட்டுக்குள் போய்ச் சேருவதற்கு முன்னால் ஒரு படலை இருக்கிறது.

பட்டியல் என்ற படலை

ஒரு குடும்பம் ஏழையா இல்லையா என்பதை அஸ்வெசும 22 குறிகாட்டிகளால் அளக்கிறது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு பிரிவு. அதற்கு முன்பிருந்த, 1995இல் வந்த சமுர்த்தி உதவித் திட்டத்தில், தெரிந்தவர் இருந்தால் பெயர் ஏறும் என்ற மனக்குறை ஊருக்கு ஊர் இருந்தது. அதைக் குறைக்க அளவுகோல் வைத்தார்கள். நோக்கம் நல்லதுதான். அளவுகோல் எங்கே தடுக்குகிறது என்பதற்கு எங்கள் ஒழுங்கையைப் பாருங்கள்.

போருக்குப் பிறகு இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் பெரும் பகுதி வடக்குக்கும் கிழக்குக்கும் வந்தது. வீட்டுக்கு 5,50,000 ரூபா, கட்டம் கட்டமாக. பயனாளியே நின்று கட்ட வேண்டும். சீமெந்தும் மணலும் ஏறிய விலைக்கு அது போதவில்லை. தாலிக்கொடியைத் தவிர மற்றதெல்லாம் அடகுக்குப் போனது. இன்று அந்த வீடுகள் ஓட்டுக் கூரையும் சீமெந்துச் சுவருமாக வீதியிலிருந்து பார்க்க மிடுக்காகத்தான் இருக்கின்றன. கணக்கெடுக்க வருபவர் படிவத்தில் சுவரை எழுதலாம். அந்தச் சுவருக்காக அடகுக்குப் போய்த் திரும்பி வராத சங்கிலியை எந்தக் கட்டத்தில் எழுதுவார்? மேன்முறையீட்டுக்கு வழி உண்டு. பிரதேச செயலகத்துக்குப் போய் வரும் அன்று ஒரு நாள் கூலி போய்விடும், அவ்வளவுதான்.

சோற்றுக்குப் படலை கிடையாது. 2024 மார்ச்சிலிருந்து அரச பாடசாலைகளில் தரம் 1 முதல் 5 வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று வைத்தார்கள். நாடு முழுவதும் ஏறக்குறைய 16 இலட்சம் பிள்ளைகள். ஆசிரியரின் மகளும் மேசன் வேலைக்குப் போகிறவரின் மகளும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். வசதியுள்ளவன் பிள்ளைக்கு ஏன் இலவசச் சோறு என்று கேட்பவர்கள் உண்டு. கொடுக்காவிட்டால் அந்த வரிசை ஏழைகளின் வரிசையாகிவிடும் என்பதே என் பதில். பத்து வயதுப் பிள்ளை பசியைப் பொறுத்துக்கொள்ளும்; அந்த வரிசையில் நிற்பதைப் பொறுக்காது.

எங்கள் மண்ணுக்கு இது புதிதும் அல்ல. 2009இல் முள்ளிவாய்க்காலில் கஞ்சி காய்ச்சி ஊற்றிய இடங்களில் எவரும் எவரிடமும் அத்தாட்சி கேட்கவில்லை. ஒவ்வொரு மே மாதமும் அந்தக் கஞ்சியைக் காய்ச்சி வழியால் வருகிற எல்லோருக்கும் கொடுக்கிறோம். அதன் பிறகு, இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாம்களில் உலர் உணவுக்கு அட்டை, பதிவு, வரிசை என்று நின்ற காலமும் எங்கள் சனத்துக்கு மறக்கவில்லை. காசும் வேண்டாம் சோறும் வேண்டாம், உலர் உணவுப் பொதியாகத் தரலாமே என்ற மூன்றாவது யோசனை கூட்டத்தில் எழுந்தபோது முன்வரிசைப் பெண்கள் ஒரே குரலில் வேண்டாம் என்றதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கைக்கு வந்த காசு கையில் நிற்குமா

இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். வன்னியில் காசுக்காகக் காத்திருப்பது பசி மட்டுமல்ல, நுண்கடன்காரரும் காத்திருக்கிறார். வாராந்தத் தவணை, குழுப் பொறுப்பு, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். நிலைமை எவ்வளவு முற்றியது என்றால், 2018இல் அரசே வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் நுண்நிதி நிறுவனங்களிடம் வாங்கிய ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தீர்க்க முன்வந்தது. வங்கிக் கணக்கில் விழும் உதவிக் காசு முதலில் அங்கேதான் போகிறது. தாய்க்கு வேறு வழியில்லை. தவணைக்காரர் படலையில் வந்து நின்று சத்தம் போடுவார். பசித்த பிள்ளை சத்தம் போடாது.

கோப்பையில் விழுந்த சோற்றை எந்தக் கடன்காரனும் அள்ளிக்கொண்டு போக முடியாது. சோற்றின் பக்கம் நான் சாய்வதற்கு இது ஒரு காரணம்.

இன்னொன்று பழைய கதை. 1953இல் அரிசி மானியத்தை வெட்டி, பாடசாலை மதிய உணவையும் நிறுத்தினார்கள். ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தாலில் நாடு நின்றது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 1979இல் அரிசிப் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. முத்திரையில் அச்சிட்ட ரூபா அப்படியே இருந்தது, விலைகள் மட்டும் ஏறின. சில ஆண்டுகளில் முத்திரையின் பெறுமதி பாதிக்கு மேல் கரைந்தது. அதற்கு எந்த ஹர்த்தாலும் நடக்கவில்லை. சோற்றை நிறுத்தினால் அன்றைக்கே தெரியும். காசை நிறுத்தத் தேவையே இல்லை, விலைவாசி பார்த்துக்கொள்ளும்.

(சோற்றையும் சத்தமில்லாமல் குறைக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முட்டை அரை முட்டையாகும்.)

கொப்பியில் ஏறும் கடன்

இனி சோற்றின் குறை. அதைப் பார்க்க எங்கள் பாடசாலைக்குச் சமைக்கும் அக்காவின் குசினிக்குப் போக வேண்டும்.

அவர் விடிய மூன்றரைக்கு எழும்புகிறார். இரண்டு விறகடுப்பு. ஒன்றில் சோறு, மற்றதில் முதலில் பருப்பு, பிறகு பூசணியோ கீரையோ. நெத்தலி நாள், முட்டை நாள் என்று முறை வைத்திருக்கிறார். வரவு இடாப்பைப் பார்த்தே எது முட்டை நாள் என்று சொல்லிவிடலாம் என்றார் ஆரம்பப் பிரிவு ரீச்சர். நானும் புரட்டிப் பார்த்தேன், உண்மைதான். ஒன்பதரைக்கு மூடி போட்ட வாளிகள் மோட்டார் சைக்கிளில் ஏறும். இடைவேளை மணி அடிக்கும்போது பிள்ளைகள் கை கழுவி நிற்பார்கள். வீட்டில் 110 ரூபாவுக்கு ஒரு பிள்ளைக்குச் சோறும் மூன்று கறியும் சமைக்க முடியாது. எண்பது பேருக்குச் சேர்த்துச் சமைத்தால் அக்காவால் முடிகிறது.

அலுமாரியில் ஒரு கொப்பி இருக்கிறது. கடைக்காரர் கணக்கு: அரிசி ஒரு மூடை, பருப்பு, தேங்காய், எண்ணெய், முட்டை இரண்டரைத் தட்டு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே தொகை, கீழே "பாக்கி". நான் பார்த்த அன்று பாக்கி பதினொரு பக்கம். அலுவலகத்திலிருந்து வர வேண்டிய காசோலை மூன்றாவது மாதமாக வரவில்லை. கடனுக்கு வாங்குவதால் கடைக்காரர் கைக்காசு விலைக்குத் தருவதில்லை. 110 ரூபாவில் அக்காவுக்கு மிஞ்ச வேண்டிய சில ரூபாக்கள் அங்கே போய்விடுகின்றன. அவரும் அஸ்வெசும பெறுபவர். ஏழைப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சோற்றுக்கு மூன்று மாதம் கடன் கொடுத்து வைத்திருப்பவர், அரசே ஏழை என்று எழுதிக்கொண்ட ஒரு பெண்.

தமிழ்நாட்டோடு இந்த இடத்தில்தான் ஒப்பிட வேண்டும். அங்கே 1956இல் காமராசர் தொடங்கியதையும் 1982இல் எம்.ஜி.ஆர். விரித்ததையும் 2022இல் வந்த காலை உணவையும் எங்கள் மேடைகளில் அடிக்கடி புகழ்கிறார்கள். சத்துணவு மையத்தில் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் மூவருக்கும் அரசு சம்பளம் கொடுக்கிறது, அரிசி அரசுக் கிடங்கிலிருந்து வருகிறது என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை. சமைப்பவர் தன் மடியிலிருந்து முதல் போடுவதில்லை. பிரேசிலில் 2009இல் சட்டமே போட்டார்கள்: பாடசாலை உணவுக்கு நடுவணரசு தரும் பணத்தில் குறைந்தது 30 வீதம் சிறு விவசாயக் குடும்பங்களிடம் வாங்குவதற்கு. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல்லை அறுவடை நேரத்தில் வந்த விலைக்குத் தள்ளிவிடும் ஊரில், அந்தப் பிள்ளைகளின் சோற்றுக்கான அரிசி கடனுக்குக் கடையிலிருந்து வருகிறது.

மற்றக் குறை வயது. தரம் 5 பிள்ளை புது வகுப்புக்கு ஏறினால் கோப்பை நின்றுவிடும். எங்கள் பாடசாலையில் தரம் 6 வகுப்பறைக்கும் சோறு பரிமாறும் மண்டபத்துக்கும் நடுவில் அரைச் சுவர்தான். புது ஆண்டின் முதல் வாரத்தில் அந்தச் சுவரில் சாய்ந்து நின்ற பையன் ஒருவனைப் பார்த்தேன். போன தவணைவரை அந்த வரிசையில் முதல் ஆளாக நின்றவன். ரீச்சர் அவனைப் பார்க்காதது போல இருந்தார். பிள்ளைகள் எல்லோரும் வாங்கி முடிந்தபின் வாளியை வழித்து அவனுக்கும் ஒரு கோப்பை கொடுத்தார். அது எந்தப் பதிவிலும் வராது, வரவும் கூடாது.

ஆகவே தகப்பனாருக்கு என் பதில்: சோற்றைக் காசாக மாற்றக் கேட்காதீர்கள். காசு உங்களுக்கு வேண்டும், அது குறையக் கூடாது, விடுமுறை மாதங்களில் கூடவே வேண்டும். ஆனால் பட்டியலுக்குள் நீங்கள் இருப்பீர்களா என்பது அடுத்த கணக்கெடுப்பில்தான் தெரியும். உங்கள் பிள்ளைகள் வரிசைக்குள் இருப்பது இன்றே உறுதி. அரசிடம் இன்னும் ஒரு ரூபா இருந்தால் அதைச் சமைப்பவருக்கு முற்பணமாகவும், அதற்கடுத்த ரூபாவைத் தரம் 6க்கும் மேல் வகுப்புகளுக்கும் கேட்பேன். தகப்பனார் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "முற்பணம் சரி" என்றார்.

அன்றே கடிதம் எழுதினோம். முதல் கோரிக்கை, ஒரு மாதச் செலவை முன்கூட்டியே கொடுப்பது. அதற்கு ஆதாரமாகக் கொப்பியில் உள்ள பாக்கித் தொகையைக் குறிப்பிடலாம் என்றேன். அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்து, தொகையை மட்டும் போட வேண்டாம், அடுத்த வருடம் சமையலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றார். அந்த வரியை வெட்டிவிட்டுக் கடிதத்தை அனுப்பினோம்.