கொட்டாவி விட்டால் தூக்கும் கையைக் காட்டிப் பணம் பறிக்கிறார்கள்: பக்கவாதம் வந்தவர் வீட்டார் கவனத்துக்கு

பக்கவாதத்தில் விழுந்த கை தானாக அசைவதைக் காட்டி, "நரம்பு முழிச்சிடுச்சு, இன்னொரு பேக்கேஜ் போட்டா எழுந்து நடந்துருவாரு" என்று யாராவது சொன்னால், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு லட்சத்து இருபதாயிரம் போனது. அதைவிட மோசமான ஒன்றும் நடந்தது.

அப்பாவுக்கு மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறியது. வீட்டுக்கு வந்த பிறகு கால் மெல்லத் தேறியது. கை மட்டும் முழங்கையில் மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. விரல்கள் உள்ளே சுருண்டுவிட்டன. அந்த நேரத்தில்தான் சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் அனுப்பினார். 'பக்கவாதம் 45 நாளில் பூரண குணம்.' கீழே நான்கைந்து வீடியோ. எல்லாவற்றிலும் விழுந்த கை ஒன்று மேலே எழும்பும், பின்னணியில் பக்திப் பாட்டு ஓடும்.

நோட்டீஸ் போட்ட மையத்துக்குப் போன அன்றைக்கே டெமோ. நடத்துகிறவர் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். டாக்டர் என்று தானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. மற்றவர்கள் 'டாக்டர்' என்று கூப்பிட்டதைத் திருத்தவும் இல்லை. அப்பாவின் உள்ளங்கையில் தன் இரண்டு விரலை வைத்து வெடுக்கென்று இழுத்தார். அப்பாவின் விரல்கள் இறுகின. "எப்படிப் பிடிக்கிறாரு பாருங்கம்மா! இவருக்கா கை வராது?" அம்மா அங்கேயே அழுதுவிட்டார். தம்பி அட்வான்ஸ் கட்டினான்.

"இப்ப விடுங்கப்பா" என்று அந்த மனிதர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் குட்டு அன்றைக்கே உடைந்திருக்கும். இறுக்கம் ஏறிய தசையைச் சட்டென்று இழுத்தால் அது தானாகவே சுருங்கும். மூளையில் சில இடங்கள் அடிபட்டவர்களுக்கு உள்ளங்கையைத் தொட்டாலே விரல் மூடிக்கொள்ளும். கைக்குழந்தையின் உள்ளங்கையில் விரல் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அது பிடி இல்லை. விடச் சொன்னால் விட முடிகிறதா என்பதுதான் சோதனை.

அடுத்தது கொட்டாவி. அங்கே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 'ரிலாக்ஸேஷன்' என்று ஒன்று உண்டு. எல்லோரையும் சாய்த்துப் படுக்கவைத்து விளக்கை அணைத்துவிடுவார்கள். கொட்டாவி வரும்போது அப்பாவின் வலது கை மெதுவாக முகம் வரைக்கும் எழும்பும், வாய் மூடியதும் பொத்தென்று விழும். அதை வீடியோ எடுத்து, வாய் தெரியாமல் வெட்டி அனுப்பினார்கள். நாங்கள் நேரில் போய் "கையைத் தூக்குங்கப்பா" என்றால் ஒரு இஞ்ச்கூட நகராது. "டயர்டா இருக்காரு சார்" என்பார்கள். கண்டுபிடித்தது அம்மாதான்: "ஏண்டா, இவரு கொட்டாவி விடுறப்பதானே கை தூக்குது?"

பிறகு பார்த்த நரம்பியல் மருத்துவர் இதைக் கேட்டுச் சிரித்தார். மருத்துவத்தில் பழைய சங்கதியாம். 1923-லேயே வால்ஷ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இது போன்ற அசைவுகளை எழுதி வைத்திருக்கிறார். கொட்டாவியோடு தூக்கும் கைக்கு, 2005-ல் வாலுசின்ஸ்கி என்ற பிரெஞ்சு மருத்துவரும் உடனிருந்தவர்களும் தனிப் பெயரே வைத்தார்கள்: பாரகினீசியா பிரேகியாலிஸ் ஆஸிடன்ஸ். நாமாக நினைத்துக் கையைத் தூக்கும்போது உத்தரவு மூளையின் மேற்பரப்பிலிருந்து கிளம்பி, உட்பகுதியில் ஒரு குறுகலான நரம்புக் கட்டு வழியாக இறங்குகிறது. அடைப்பில் சேதமானது அந்தப் பாதை. கொட்டாவி வேறு ரகம். அதைக் கிளப்புவது அடியில் இருக்கும் மூளைத்தண்டுப் பகுதி. அந்த வழி கெடாததால் கை அப்போது மட்டும் ஆடுகிறது. இருமினாலும், எழுந்து நிற்கச் சிரமப்பட்டாலும் விழுந்த கை இப்படி மடங்கும். பேக்கேஜ் போட்டாலும் போடாவிட்டாலும் வரும்.

விரல் திறந்து மூடுகிற வீடியோ வேறு கதை. முன்கை மேல் ஒரு டர்க்கி டவல் போட்டிருந்தது. நான் அதை எடுத்தபோது அடியில் கரண்ட் வைக்கிற பேட் இரண்டு ஒட்டியிருந்தது. கரண்ட் வைப்பதே மோசடி என்று சொல்லவில்லை. நல்ல ஃபிசியோக்களும் முறையாகப் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் டவல் போட்டு மூடுவதில்லை.

இனிதான் விஷயம். ஒரு நாள் மாலை குடும்ப குரூப்பில் அந்த மையத்திலிருந்து வீடியோ: "குட் நியூஸ்! அப்பா கை விரல் நல்லா வொர்க் ஆகுது." அப்பாவின் வலது கட்டைவிரல் ஒரே தாளத்தில் துடிக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணிக்கட்டும் சேர்கிறது. கடைசி சில நொடிகளில் வலது வாயோரமும் அதே தாளத்தில் இழுக்கிறது. பெரியப்பா கைகூப்பும் ஸ்டிக்கர் போட்டார். எனக்கு அந்த வாயோரம் உறுத்தியது. ஆஸ்பத்திரியில் முன்பு பழக்கமான நர்ஸ் அக்காவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது: "தம்பி, இது ஃபிட்ஸ் மாதிரி இருக்கு. இப்பவே கூட்டிட்டு வாங்க."

ஃபிட்ஸ்தான். பக்கவாதத்தில் சேதமான இடத்தில் தழும்பாகி அங்கிருந்து வலிப்பு கிளம்பலாமாம். மாதங்கள் கழித்தும் வரலாம். மூளையின் மின்னோட்டத்தைப் பார்க்கும் இ.இ.ஜி. எடுத்து, லெவெடிரசெட்டம் என்ற வலிப்பு மாத்திரை தொடங்கினார்கள். நாலைந்து தடவை இப்படித் துடித்திருக்கிறது என்று அங்கே வேலை பார்த்த பெண் பிறகு சொன்னாள். அத்தனை தடவையும் எண்ணெய் தேய்த்துவிட்டு "நரம்பு முழிக்குது" என்றிருக்கிறார்கள். அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தானாக ஆடும் கைக்குக் காரணம் பல. சர்க்கரை கட்டுப்பாடில்லாமல் ஏறினாலும் ஒரு பக்கக் கை கால் மட்டும் வெட்டி வெட்டி ஆடும். புதிதாக ஆட்டம் தெரிந்தால் வீடியோ எடுங்கள். முகமும் அதில் தெரியட்டும். எடுத்ததை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். துடிப்பு ஐந்து நிமிடம் தாண்டினாலோ நினைவு தப்பினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

இந்த ஆட்கள் பிடிப்பது பெரும்பாலும் முதல் சில மாதத்து நோயாளிகளைத்தான். பக்கவாதத்தில் தேறுகிற கை கால் அதிகம் தேறுவது முதல் மூன்று மாதத்தில். அதுவாக வந்த முன்னேற்றத்துக்கும் இவர்கள் பில் போட்டுவிடுவார்கள். பில் என்றேன், எங்களுக்குக் கொடுத்தது மை அழியும் துண்டுச்சீட்டு.

இப்போது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஃபிசியோ வீட்டுக்கே வருகிறார், காசில்லை. அவர் அற்புதம் எதுவும் சொல்வதில்லை. மேசையில் துணியை வைத்து அப்பாவைத் துடைக்கச் சொல்கிறார், தோளைப் பிடித்து இழுக்காதீர்கள் என்று எங்களைத் திட்டுகிறார். இறுக்கத்துக்கு மாத்திரையும், தேவைப்பட்டால் போட்டுலினம் ஊசியும் உண்டு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "பேக்கேஜ் ரீஃபண்ட் கிடையாது சார்" என்றார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிந்திருக்கிறோம்; அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. பக்கவாதத்தைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாய நிவாரணச் சட்டப்படி குற்றம். இவர்களின் நோட்டீஸில் எண்ணெயும் சூரணமும் இருந்ததால் அதையும் புகாரில் சேர்த்திருக்கிறோம். இதே மாதிரி ஏமாந்தவர்கள் ஜிபே ரசீது, நோட்டீஸ், அவர்கள் அனுப்பிய வீடியோ எதையும் அழித்துவிடாதீர்கள். எங்கள் புகாரில் இப்போதைக்குக் கையில் இருக்கும் சாட்சி அந்தக் 'குட் நியூஸ்' வீடியோதான்.