ஈஎல்84ஆ, ஈஎஃப்86ஆ: முல்லார்ட் 5-10 அம்பிளிபயரில் வால்வுகளை மாற்றிக் கேட்டது

திருகோணமலை உவர்மலையில் என் வீட்டில் இயங்கும் அம்பிளிபயர், பிரித்தானிய வால்வுத் தயாரிப்பாளரான முல்லார்ட் நிறுவனம் 1950களில் சொந்தமாகக் கட்டிக்கொள்வோருக்காக வெளியிட்ட 5-10 என்ற மின்சுற்றின்படி அமைந்தது. இட, வலத் தடங்கள் ஒவ்வொன்றுக்கும் ஐந்து வால்வுகள், அதாவது ஒலியைப் பெருக்கும் கண்ணாடி வெற்றிடக் குழாய்கள். ஒரு தடத்தின் வெளியீடு பத்து வாட். உள்வரும் சமிக்ஞையை முதலில் பெருக்குவது ஈஎஃப்86, அதை எதிரெதிர்க் கட்டங்களாகப் பிரிப்பது ஈசிசி83, ஸ்பீக்கரை இயக்குவது ஓர் இணை ஈஎல்84, மின்சாரத்தைச் சீராக்குவது ஈஸெட்81. வெவ்வேறு நாடுகளில் செய்யப்பட்ட வால்வுகளை இதே அம்பிளிபயரில் மாற்றி மாற்றி இட்டுக் கேட்டதில் நான் வந்தடைந்த முடிவு, இந்தத் துறையில் வழக்கமாகச் சொல்லப்படுவதற்குச் சற்று மாறானது: பலரும் பெருந்தொகை கொடுத்து வாங்கும் ஈஎல்84களுக்கிடையே உள்ள வேறுபாடு சிறிது, அதிகம் பேசப்படாத ஈஎஃப்86இல்தான் காதுக்குத் தெளிவாகப் புலப்படும் வேறுபாடு இருக்கிறது.

கேட்ட முறையை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு வால்வைக் கழற்றி, ஆறவிட்டு, மற்றொன்றை மாட்டி, அது சூடாகி நிலைகொள்ளும் வரை காத்திருந்தால், முன்பு கேட்ட ஒலியின் நுட்பங்கள் நினைவிலிருந்து நழுவிவிடும். அப்படிக் கேட்டு எழுதப்படும் ஒப்பீடுகளை நான் நம்புவதில்லை. ஆகவே ஒரு தயாரிப்பை இடத் தடத்திலும் மற்றதை வலத் தடத்திலும் இட்டு, ஒற்றைத் தடப் பதிவொன்றை இரண்டுக்கும் கொடுத்து, ஒரே ஸ்பீக்கரை ஆளி (சுவிட்ச்) ஒன்றின் மூலம் அங்குமிங்கும் மாற்றிக் கேட்டேன். ஒலியளவு சமமாக இருப்பதை ஸ்பீக்கர் முனைகளில் மீற்றர் வைத்து உறுதிசெய்த பின்னரே கேட்கத் தொடங்கியது. பிறகு வால்வுகளைத் தடம் மாற்றி இட்டு மீண்டும் கேட்டால், வேறுபாடு வால்வோடு இடம்பெயர்கிறதா, அல்லது அந்தத் தடத்திலேயே தங்கிவிடுகிறதா என்பது தெரிந்துவிடும். நமது பழைய நாதஸ்வரப் பதிவுகள் பெரும்பாலும் ஒற்றைத் தடத்தில் அமைந்தவை என்பதால் இந்தச் சோதனைக்கு அவற்றைவிடப் பொருத்தமானவை கிடையா. காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும், நமது தெட்சணாமூர்த்தியின் தவில் ஒலிக்கும் பதிவுகளும் அதிகம் சுழன்றன.

ஈஎல்84 வகையில் மூன்று: ஸ்லோவாக்கியாவின் சாட்சா நகரில் இன்றும் செய்யப்படும் ஜேஜே; சோவியத் காலத்து 6பி14பி-இவி; பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் முன்பு தயாரித்தவற்றில் சென்னை ரிச்சி தெருப் பக்கம் பழைய இருப்பாகக் கிடைத்த சில. ஜேஜேயின் ஒலி நடுப்பகுதியில் தடிப்பாகவும் உச்சத்தில் அடக்கமாகவும் இருந்தது. சீவாளியின் கூர்மை ஓரளவு மழுங்கிக் கேட்டதால் நீண்ட நேரம் கேட்பதற்கு இதம். சோவியத் வால்வில் தவிலின், குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கம் இறுக்கமாக, அடி விழுந்த இடத்திலேயே நின்றது. பெங்களூர் வால்வு இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று, குரலுக்கு மிகவும் உகந்ததாகத் தோன்றியது.

தோன்றியது என்றுதான் எழுத முடிகிறது. அடுத்த கட்டமாக, ஆளியை என் மருமகனிடம் கொடுத்து, எது ஒலிக்கிறது என்பதை எனக்குச் சொல்லாமல் மாற்றச் சொன்னேன். “மாமா, இப்ப எது?” என்று அவன் கேட்கக் கேட்க, சோவியத் வால்வைத் தவிலை வைத்துப் பெரும்பாலும் இனங்கண்டுகொண்டேன், ஜேஜேயையும் பெங்களூர் வால்வையும் பிரித்தறிய இயலவில்லை. அதற்கு முன்பே ஒவ்வொரு ஈஎல்84இன் எதிர்மின்வாயான கதோட்டிலும் உள்ள 270 ஓம் தடையியின் குறுக்கே வோல்ட்டளவை அளந்து, 10.8 வோல்ட்டுக்கு அண்மையில், அதாவது ஏறத்தாழ 40 மில்லிஅம்பியர் ஓடும் வால்வுகளையே இணை சேர்த்திருந்தேன். இணை சேராத நிலையில் கேட்டபோது வேறுபாடுகள் பெரிதாகத் தெரிந்தன. நாட்டுக்கு நாடு ஒலி மாறுகிறது என்று சொல்லப்படுவதில் கணிசமான பகுதி, ஓட்டம் பொருந்தாத இணைகளால் வருவது என்பது என் கருத்து.

இதற்குச் சுற்றிலேயே காரணம் இருக்கிறது. எதிரெதிராக இயங்கும் இணையில், மூல அதிர்வெண்ணின் இரு மடங்கில் எழும் இரண்டாம் இசைக்கூறு முதலிய இரட்டை எண் திரிபுகள் வெளியீட்டு ட்ரான்ஸ்போமரில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. வால்வின் இனிமைக்கு இரண்டாம் இசைக்கூறே காரணம் என்ற புகழ்பெற்ற விளக்கம், தனி வால்வு வெளியீட்டுக்குப் பொருந்துவதுபோல இங்கே பொருந்தாது. அத்துடன் 5-10 சுற்றில் ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து ஈஎஃப்86இன் கதோட்டு வரை பலமான எதிர்ப் பின்னூட்டல் வருகிறது, அதாவது வெளியீட்டின் ஒரு பகுதி எதிர்க் கட்டத்தில் தொடக்கத்துக்கே திருப்பப்படுகிறது. பின்னூட்டலின் வேலையே தன் வளையத்துக்குள் இருக்கும் வால்வுகளின் தனிக்குணத்தைத் தணிப்பதுதான். ஒற்றை 300பி வால்வைக் கொண்டு பின்னூட்டல் இன்றி இயங்கும் அம்பிளிபயர் வைத்திருப்பவர் வேறு முடிவுக்கு வரக்கூடும். அவரோடு எனக்கு வழக்கில்லை.

ஆனால் முதற்படியில் எழும் இரைச்சலிலிருந்து பின்னூட்டல் காப்பாற்றாது. ஈஎஃப்86இல் எழும் சிறு சலசலப்பும் சமிக்ஞையோடு சேர்ந்தே பெருக்கப்படுகிறது. மேலும் இந்தச் சுற்றில் ஈஎஃப்86இன் நேர்மின்வாயான அனோட்டுக்கும் ஈசிசி83க்கும் இடையே, நேர் மின்னோட்டத்தைத் தடுக்கும் கொள்ளளவி கிடையாது. இரண்டும் நேராக இணைக்கப்பட்டுள்ளன. ஆகவே ஈஎஃப்86ஐ மாற்றினால் அடுத்த வால்வின் இயங்குநிலையும் சேர்ந்து நகர்ந்துவிடுகிறது. ஈசிசி83இன் கதோட்டு வோல்ட்டளவு ஒவ்வோர் ஈஎஃப்86க்கும் வெவ்வேறாக நின்றதை மீற்றரில் கண்டேன்.

இங்கேயும் மூன்று வால்வுகள்: லங்காஷயரின் பிளாக்பேர்ன் ஆலையில் செய்யப்பட்ட பழைய முல்லார்ட், அதற்கு இணையான சோவியத் 6ஜே32பி, இன்று சந்தையில் உள்ள புதிய தயாரிப்பு ஒன்று. இரைச்சலும் ஹம்மும் குறைய வேண்டும் என்றே வடிவமைக்கப்பட்ட வால்வு இது. சூடாக்கும் இழையை இரட்டையாக முறுக்கிச் சுற்றியிருப்பதும், கண்ணாடிக்குள் ஒரு மறைப்பு வைத்திருப்பதும் அதற்காகவே. என்னிடமுள்ள முல்லார்ட்டில் அந்த மறைப்பு மெல்லிய கம்பி வலை; வெளிச்சத்தில் பிடித்தால் வலையூடாக உள்ளே நிற்கும் மின்வாய்கள் மங்கலாகத் தெரியும். ஒலியைக் கூட்டிவைத்து, பென்சிலின் அழிறப்பர் முனையால் கண்ணாடியை மெல்லத் தட்டிப் பார்த்தேன். முல்லார்ட்டிலிருந்து ஸ்பீக்கருக்கு வந்தது மந்தமான ஒரு ‘டொக்’. 6ஜே32பியிலும் ஏறத்தாழ அவ்வாறே. புதிய வால்வு, பித்தளைக் குத்துவிளக்கைச் சுண்டியதுபோல நீளமாக ஒலித்து அடங்கியது. தட்டினால்தானே என்று அலட்சியப்படுத்த முடியாது; ஸ்பீக்கரின் அதிர்வே வால்வைத் தட்டிக்கொண்டிருக்கிறது. நாதஸ்வரம் மேல் ஷட்ஜத்தில் நீண்டு நிற்கும் இடங்களில் அந்தப் புதிய வால்வு தன் ஓசையையும் ஒரு பூச்சாகச் சேர்த்தது. காற்றோட்டமான ஒலி என்று சிலர் புகழ்வது இதைத்தானோ என்ற ஐயம் எனக்கு உண்டு. மருமகன் ஆளியை மாற்றியபோதெல்லாம் இதை நான் தடுமாறாமல் சொன்னேன். முல்லார்ட்டுக்கும் சோவியத் வால்வுக்கும் இடையே ஆலாபனையின் இடைவெளிகளில் மட்டுமே வேறுபாடு: முல்லார்ட்டில் சுருதி பிடிக்கும் ஒத்தின் ஒலி அடங்கும் கடைசி இழை வரை கேட்கிறது, மற்றதில் அது சற்று முன்னதாகவே இரைச்சலில் மூழ்கிவிடுகிறது. விலை வேறுபாட்டைப் பார்த்தால் 6ஜே32பி போதும் என்பேன்.

ஈசிசி83இலும் ஈஸெட்81இலும் சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் கேட்கவில்லை. ஈசிசி83இன் இரு பாதிகளும் பெருக்கத்தில் ஒத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எமது ஊரில் இவற்றை விடவும் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று உப்புக் காற்று. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நகரத்தில் வால்வின் ஊசிகள் சில மாதங்களிலேயே கறுத்துவிடுகின்றன. அதனால் வரும் கரகரப்பை வால்வின் முதுமை என்று நினைத்து நல்ல வால்வை ஒதுக்கியவர்களை அறிவேன். ஊசிகளை ஐசோபுரொப்பைல் அற்ககோலால் துடைத்து, பீங்கான் சொக்கற்றில் சிலமுறை செருகி எடுத்தால் அது பெரும்பாலும் போய்விடும். மற்றது மின்னழுத்தம். இங்கு முறையான அளவு 230 வோல்ட். 220 வோல்ட்டுக்குச் சுற்றப்பட்ட பழைய ட்ரான்ஸ்போமரில் 240 வோல்ட் ஏறினால், 6.3 வோல்ட் பெறவேண்டிய இழை 6.9 வோல்ட்டளவு பெறுகிறது. அனோட்டு வோல்ட்டளவும் அதே விகிதத்தில் உயர, 12 வாட் தாங்கும் ஈஎல்84 தன் எல்லையைத் தொட்டுவிடும். அதிக வோல்ட்டளவு தாங்கும்படி செய்யப்பட்ட 6பி14பி-இவியை நான் வெளியீட்டில் நிரந்தரமாக வைத்திருப்பதற்குத் தவிலைவிட இதுவே பெரிய காரணம். கச்சான் காற்று வீசும் மாதங்களில், இரு தடங்களுக்குமாக இருபது வாட் ஒலிக்காக நூறு வாட்டுக்கு மேல் இழுக்கும் இந்தப் பெட்டி அறையை எப்படி வைத்திருக்கும் என்பதையும் வாங்க நினைப்பவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

வால்வு வாங்க இப்போது நகரத்தில் கடை இல்லை. கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் எப்போதாவது கிடைக்கும், மற்றபடி இணையவழிதான். அங்கே சீவி2975, சீவி2901 போன்ற எண்களைக் காட்டி, பிரித்தானியக் கடற்படைக் களஞ்சியத்துச் சரக்கு என்று விலையை ஏற்றுவார்கள். 1957 வரை பிரித்தானியர் கையில் இருந்த துறைமுகம் நமது ஊரில் இருப்பதால் அந்தக் கதை இங்கே எளிதில் விலைபோகிறது. உண்மையில் முதலாவது ஈஎல்84ஐயும் இரண்டாவது ஈஎஃப்86ஐயும் குறிக்கும் இராணுவப் பட்டியல் எண்கள் மட்டுமே. அவை ஒலியைப் பற்றி எதையும் சொல்வதில்லை. மேலே அச்சிட்ட பெயரை விட, கண்ணாடியின் அடிப்பகுதியில் பொறித்த சிறு குறியீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்; இரண்டாம் வரி ‘பி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் அது பிளாக்பேர்ன் ஆலையில் செய்யப்பட்டது. ஈஎல்84 என்றால் ஒவ்வொன்றினதும் ஓட்டத்தை அளந்து எழுதித் தருபவரிடம் மட்டும் வாங்குங்கள். ஈஎஃப்86 என்றால் தட்டிப் பார்த்து, ஓசை எழுந்தால் திருப்பி அனுப்ப இடம் கொடுப்பவரிடம் மட்டும்.