கொலிமா நாய் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: சான்றிதழ் அசல், நாய் போலி

மேற்கு மெக்சிகோவின் கொலிமா பகுதியில் பழங்காலக் கல்லறைகளில் வைக்கப்பட்ட வகையான சுடுமண் நாய் உருவம் ஒன்று இணைய ஏலத்தில் வந்தது. ‘கி.மு. 100 – கி.பி. 250, டி.எல். சோதனைச் சான்றிதழ் உண்டு, 1960களின் பழைய அமெரிக்கச் சேகரிப்பு’ என்று விவரம் போட்டிருந்தார்கள். 34 செ.மீ. நீளம், செம்மெருகு, கொழுத்த வயிறு, குட்டைக் கால், வாலில் ஊற்றுவாய் என்று படத்தில் எல்லாம் சரியாகவே இருந்தன. விற்றவருக்கு நல்ல மதிப்பீடுகளும் ஏராளம். பொருள் கைக்கு வந்து சோதித்தபோது தெரிந்தது: நான்கு கால்களும் அடிவயிற்றில் உள்ளங்கை அகலத் துண்டும் மட்டுமே பழைய மண். உடல், தலை, காது, வால் எல்லாம் இன்றைக்குச் செய்து சுட்டு ஒட்டியவை. சான்றிதழ் மட்டும் அசல். ஏமாற்று நடந்ததே அந்தச் சான்றிதழை வைத்துத்தான்.

டி.எல். எனப்படும் வெப்ப ஒளிர்வுச் சோதனையில் என்ன அளக்கிறார்கள் என்பது தெரிந்தால் ஓட்டை எங்கே என்பதும் தெரிந்துவிடும். களிமண்ணில் கலந்திருக்கும் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் துகள்கள் சுற்றுப்புறக் கதிர்வீச்சை வருடக்கணக்காகச் சேமித்து வைக்கும். சூளையில் சுட்டால் அந்தச் சேமிப்பு அழிந்து பூஜ்யமாகிவிடும், மறுபடி அங்கிருந்து சேரத் தொடங்கும். ஆய்வகத்தில் துகளைச் சுமார் 500 டிகிரி வரை சூடாக்கி, வெளிவரும் ஒளியை அளந்து, கடைசியாகச் சுட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று கணிக்கிறார்கள். 20 முதல் 25 சதவீதம் வரை முன்பின் இருக்கும். ‘1,800 வருடமா, 40 வருடமா’ என்ற கேள்விக்கு அந்தத் துல்லியம் தாராளமாகப் போதும்.

ஆனால் ஆய்வகத்துக்குப் போவது 100 மில்லிகிராம் அளவுத் தூள்தான். அந்தத் தூளுக்குத்தான் சான்றிதழ், நாய்க்கு அல்ல. இந்த நாயின் சான்றிதழில் ‘மாதிரி எடுத்த இடங்கள்: வலது பின்னங்கால், அடிவயிறு’ என்று இருந்தது. இரண்டும் பழைய மண் இருந்த இடங்கள். துளை வெளியே தெரியக்கூடாது என்பதால் அடிப்பக்கத்தில் எடுப்பதுதான் வழக்கம். யாருக்கும் சந்தேகம் வராது. கல்லறைகளிலிருந்து கிடைத்த உடைந்த கால்களுக்கும் அடித்துண்டுகளுக்கும் சந்தையில் பெரிய விலை கிடையாது. அவற்றின் மேல் புது உடலைக் கட்டினால் பல மடங்கு விலை.

இது எப்படிப் பிடிபட்டது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே முறையில் செய்த பொருட்கள் இன்னும் வரும். முதலில் இருட்டறையில் யு.வி. (புற ஊதா ஒளி) டார்ச். பழைய சுடுமண் மங்கலாகவே இருக்கும். இந்த நாயில் நான்கு தொடைகளின் மேலும் வயிற்றைச் சுற்றியும் வெளிர்நீல வளையம் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. அது எபாக்சிப் பசை. பழுது பார்த்த அசலிலும் பசை ஒளிரும், அதனால் இது மட்டுமே சாட்சியாகாது. ஆனால் உடைந்த பானை தாறுமாறாகத்தான் உடையும், நான்கு காலிலும் ஒரே உயரத்தில் உடையாது. அடுத்து, பஞ்சுக்குச்சியில் அசிட்டோன் தொட்டு அந்த வளையத்தின் மேல் லேசாக உருட்டியதும் ‘கல்லறை மண்’ பழுப்பாகப் பஞ்சில் வந்துவிட்டது. உண்மையான மண்படிவு அசிட்டோனில் கரையாது. கரைந்தது மண்ணைப் பிடித்து வைத்திருந்த பிசின்.

வாலில் இருந்த ஊற்றுவாய் வழியாக, போனில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமராவை உள்ளே விட்டபோது மிச்சமிருந்த சந்தேகமும் போயிற்று. கையால் கட்டிய உருவத்தில் சுவரின் கனம் இடத்துக்கு இடம் மாறும். திரி வைத்து இணைத்த மேடு, விரலால் இழுத்துத் தேய்த்த தடம் எல்லாம் உள்ளே அப்படியே இருக்கும், வெளியே மட்டும்தான் மெருகு. இந்த நாயின் உள்சுவர் ஒரே கனத்தில் வழவழவென்று இருந்தது. நடுமுதுகில் தலை முதல் வால் வரை ஒரு நேர்கோட்டு மேடு ஓடியது. பிளாஸ்டர் அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம் அது. ஊற்றுவாய் உள்ள உருவம் எதை வாங்கினாலும் இந்த ஒரு சோதனையை மட்டும் விடவே கூடாது.

கரும்புள்ளிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேற்கு மெக்சிகோவின் கொலிமா, ஹலிஸ்கோ, நயாரித் பகுதிகளில் உள்ள தண்டுக்குழிக் கல்லறைகளில் (செங்குத்துக் குழி வழியே இறங்கும் நிலத்தடி அறைகள்) கிடைத்தவற்றின் மேல் ஈரத்தோடு வந்த மாங்கனீசு படிந்து கறுத்திருக்கும். வாங்குபவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று போலி செய்பவர்களுக்கும் தெரியும். 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். அசல் படிவு ஒரு பக்கம் அடர்ந்து மறுபக்கம் அருகியிருக்கும், ஓரங்களில் மரக்கிளை போலப் பிரியும், பழைய உடைப்பின் விளிம்பிலும் ஏறியிருக்கும். இந்த நாயின் கால்களில் அப்படித்தான் இருந்தது. உடலிலோ டூத் பிரஷ்ஷால் தெறித்த வட்டவட்டப் புள்ளிகள், எல்லாப் பக்கமும் சமமாக. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு துளி விட்டால் மாங்கனீசு நுரைக்கும். நுரைக்காவிட்டால் அது மாங்கனீசு இல்லை என்று தள்ளிவிடலாம். நுரைத்தால் மகிழ்ந்துவிடாதீர்கள், கடையில் மாங்கனீசுத் தூள் கிடைக்கிறது. சுட்ட பிறகு வண்ணம் பூசிய ஹைனா (Jaina) தீவின் மாயா உருவங்களிலோ, கிழக்கு மெக்சிகோவில் வெராக்ரூஸ் பகுதியின் தார் பூசிய முகங்களிலோ அசிட்டோன், பெராக்சைடு இரண்டையும் கிட்டவே கொண்டுபோகக் கூடாது.

விற்றவர் முதலில் ‘பழுது பார்த்தது சகஜம்’ என்றார், பிறகு பதிலே இல்லை. கிரெடிட் கார்டு வங்கியில் புகார் கொடுத்துத்தான் பணம் திரும்பியது. அனுப்பும் செலவு போனது போனதுதான். பொருள் அவரிடமே திரும்பிவிட்டதால் மறுபடி விற்பனைக்கு வரும். அடையாளம்: இடது காது நுனியில் சிறு சில்லு போயிருக்கும், வலது பின்னங்காலின் உட்புறத்தில் மெழுகு அடைத்த 3 மி.மீ. துளை இருக்கும்.

வல்லுநர் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட்டார் என்பதையும் அப்படியே ஏற்காதீர்கள். வெராக்ரூஸைச் சேர்ந்த பிரிகிதோ லாரா 1974இல் தொல்பொருள் திருடியதாகக் கைதானார். பிடிபட்டவை தானே செய்தவை என்று சொல்லியும் யாரும் நம்பவில்லை. சிறைக்குக் களிமண் வரவழைத்து அங்கேயே உருவங்கள் செய்தார். அவற்றையும் நிபுணர்கள் பழங்காலத்தவை என்றே சொன்ன பிறகுதான் 1975இல் விடுதலையானார். பின்னாளில் ஹலாப்பா மானுடவியல் அருங்காட்சியகமே அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. எக்குவடோரில் லா பிலா என்ற ஊர் முழுக்க இந்தக் கைவேலைக்குப் பேர்போனது. அவர்கள் திறமையான கலைஞர்கள், நகல் என்று சொல்லி விற்றால் தாராளமாக வாங்கலாம். நடுவில் இருக்கும் வியாபாரிதான் ஆயிரம் வருடத்தைக் கூட்டிவிடுகிறார்.

டி.எல். சான்றிதழோடு வருவதை வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் மாதிரி எடுத்த இடங்கள் அம்புக்குறியிட்ட படம் சான்றிதழில் இருக்கிறதா என்று பாருங்கள். சான்றிதழ் எண்ணை ஆய்வகத்துக்கே மின்னஞ்சலில் அனுப்பி, அவர்களிடம் உள்ள படத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். கால், உடல், தலை என மூன்று இடத்திலாவது மாதிரி வேண்டும். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் எடுப்பதானால் டி.எல். மாதிரி எடுத்த பிறகே எடுக்க வேண்டும். அந்தக் கதிரும் துகளில் சேரும். அதே தந்திரத்தால் புதுப்பொருளுக்குக் கதிர் ஏற்றிப் பழசாக்குகிறவர்களும் உண்டு.

முழுக்க அசலாக இருந்தாலும் சிக்கல் தீராது. மெக்சிகோவின் 1972ஆம் வருடச் சட்டப்படி தொல்பொருள்கள் நாட்டின் சொத்து, வெளியே கொண்டுபோகத் தடை. அனுமதியில்லாமல் கொண்டுபோவதை 1897லேயே தடுத்திருக்கிறார்கள். 1977இல் மெக்ளெய்ன் வழக்கில் அமெரிக்க நீதிமன்றமும், மெக்சிகோவின் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு கடத்தப்பட்டவற்றைத் திருட்டுப் பொருளாகக் கருதலாம் என்றது. ஆகவே ‘1960களின் சேகரிப்பு’ என்ற இரண்டு சொல்லுக்கு மதிப்பே இல்லை. பழைய ரசீது, ஏலப் பட்டியலில் லாட் எண், வீட்டு அலமாரியில் அது நிற்கும் பழைய புகைப்படம் என்று ஏதாவது ஒன்றைக் கேளுங்கள். ரசீதில் ‘ஒரு மண் நாய்’ என்று மட்டும் இருந்தால் அது எந்த நாய்க்கும் பொருந்தும். அளவும் படமும் இருக்க வேண்டும். இந்த விற்பனையில் அப்படி ஒன்றுமே இல்லை. சட்டவிரோதமாகத் தோண்டி எடுக்கப்பட்ட கல்லறையில் யார், எதோடு புதைக்கப்பட்டார் என்ற செய்தி அதோடு அழிந்துபோகிறது. கால் துண்டுகளுக்குக்கூடச் சந்தை உண்டாகிவிட்டால் அந்தத் தோண்டல் இன்னும் கூடும்.

கடைசியாகக் காலக்கெடு விஷயம். ஏலத் தளங்களில் திருப்பும் காலம் பெரும்பாலும் 14 அல்லது 30 நாள். ஆய்வகத்தின் பதில் வர அதைவிட அதிகமாகலாம். பணம் கட்டும் முன்பே, ‘நான் தேர்ந்தெடுக்கும் ஆய்வகத்தின் முடிவு வரும்வரை திருப்பும் உரிமை உண்டு, மாதிரித் துளையும் அசிட்டோன் சோதனையும் சேதமாகக் கருதப்படாது’ என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கார்டில் மட்டும் பணம் கட்டுங்கள், வங்கிப் பரிமாற்றம் வேண்டாம். பெட்டியைப் பிரிப்பது முதல் யு.வி. சோதனை வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். இந்த வழக்கில் வங்கி கேட்டது அந்த வீடியோவையும் சான்றிதழில் இருந்த மாதிரிப் படத்தையும்தான்.